ஆட்சி மாற்றமும் இருப்புப்பாதையும்

மக்களாட்சியின் சிறப்பு யாதென வினவின், வாளும் குருதியும் இன்றி அரசு ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறுதலே எனலாம். நேற்று ஆண்டவர் இன்று எதிர்வரிசையில் அமர்வர். நேற்று எதிர்த்தவர் இன்று ஆள்வர். விரல்நுனியிற் படும் ஒரு துளி மையால் நிகழும் இம்மாற்றம் பெருமைக்குரியதே. ஆயினும் இதன்கண் ஓர் இடர்ப்பாடும் உளது. அரசின் ஆயுள் ஐந்தாண்டு. ஒரு மாநகரில் இருப்புப்பாதை அமைத்தற்கோ பத்தாண்டும் போதாது. திட்டம் வகுப்பவர் ஒருவர், அடிக்கல் நாட்டுபவர் மற்றொருவர், கொடியசைத்து வண்டியை விடுபவர் பிறிதொருவர் என்னும்படி காலம் நீளுகின்றது. இடையில் ஆட்சி மாறுமாயின், தொடங்கிய பாதை என்னாகும்? புதிய அரசு அதனைத் தொடர வேண்டுவதோ, நிறுத்த வேண்டுவதோ? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது எனக்கு வெறும் சொற்போர்ப் பொருளன்று. என் தந்தையார் சென்னைப் பெருஞ்சாலை ஒன்றில் சிறு தையற்கடை வைத்திருக்கின்றார். அச்சாலையின் நடுவே மெட்ரோ இரயிலுக்குத் தூண்கள் எழுகின்றன. கடைக்கும் சாலைக்கும் இடையே தகரத் தடுப்பு நிற்கின்றது. தேர்தற் பேச்சு எழுந்த ஒரு மாலையில், பக்கத்து டீக்கடைக்காரர் தந்தையாரிடம் வந்து, “ஆட்சி மாறினால் இந்தத் தூணெல்லாம் இப்படியே நின்றுவிடுமோ, அண்ணே?” என்று கேட்டார். தந்தையார் தைத்துக்கொண்டிருந்த துணியினின்றும் கண்ணை எடுக்காமலே, “தோண்டினது தோண்டியாயிற்று, யார் வந்தாலும் முடித்துக் கொடுத்தால் போதும், அண்ணாச்சி” என்று விடையிறுத்தார். அரசியல் நூல் எதுவும் கல்லாத அவர் வாய்மொழியில் ஓர் அரசியல் நீதி அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று.

தமிழ் பயிலும் நாம் திருக்குறட் பொருட்பாலில் இரண்டு அதிகாரங்களைக் கற்றிருக்கின்றோம். ஒன்று தெரிந்து செயல்வகை, மற்றொன்று வினைத்திட்பம். முன்னையது, ஒரு வினையைத் தொடங்குமுன் அதன் ஆக்கமும் அழிவும் சீர்தூக்குமாறு கூறுவது. பின்னையது, தொடங்கிய வினையை இடையே நெகிழாது முடிக்கும் மனவுறுதியைக் கூறுவது. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன அல்ல. ஒன்றன்பின் ஒன்று வரவேண்டுவன. ஆராய்ச்சிக்குரிய காலத்தில் உறுதி பேசுவதும், உறுதிக்குரிய காலத்தில் மறுபடி ஆராய்ச்சி பேசுவதுமே குற்றம். ஆட்சி மாறுங்கால் இருப்புப்பாதைகட்கு நேரும் இன்னலெல்லாம் இக்குற்றத்தின்பாற் பட்டனவே என்பது என் துணிபு.

சென்னையின் வரலாறே இதற்குச் சான்றாகும். 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், செல்வி ஜெயலலிதாவின் தலைமையில் அமைந்த அ.தி.மு.க. அரசு, ஒற்றைத் தண்டவாளத்தின்மீது ஓடும் மோனோ இரயிலை நகரெங்கும் அமைக்கக் கருதிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் திரு. மு. கருணாநிதியின் தலைமையில் தி.மு.க. அரசு அமைந்தது; மோனோ இரயில் கைவிடப்பட்டது; அதற்கு ஈடாக மெட்ரோ இரயில் தேர்ந்துகொள்ளப்பட்டது. 2007-ல் அதற்கென ஒரு நிறுவனம் தோன்றிற்று. 2008-ல் ஜப்பான் நாட்டுக் கடனுதவிக்கு உடன்படிக்கை ஆயிற்று. 2009-ல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்து வேலையும் தொடங்கிற்று. 2011-ல் மீண்டும் ஆட்சி மாறிற்று. மறுபடியும் முதலமைச்சரான செல்வி ஜெயலலிதா, தாம் முன்னர் எண்ணிய மோனோ இரயிலுக்கு அவ்வாண்டே உயிரளிக்க முற்பட்டார்.

மோனோ இரயில் குறைந்த செலவில், குறைந்த நிலத்தில், விரைந்து அமைக்கத்தக்கது என்பது அதனை விரும்பினோர் வாதம். பெருந்திரளான மக்களைச் சுமக்கும் ஆற்றல் மெட்ரோவிற்கே மிகுதி என்பது மற்றையோர் வாதம். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் என் வேலையன்று. 2006-ல் மோனோ இரயில் ஏட்டளவில் நின்றதொரு திட்டம். அதனை மறுபடி எண்ணிப் பார்க்க அன்றைய அரசிற்கு முழு உரிமை இருந்தது. 2011-லோ மெட்ரோவின் தூண்கள் மண்ணில் ஊன்றிவிட்டன. அவற்றை இடித்தெறிய எவரும் துணியவில்லை என்பதே நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்க செய்தி. மோனோ இரயில் வேண்டுமென்ற அரசே மெட்ரோ வேலையையும் தொடர்ந்து நடத்திற்று. 2015 ஜூன் 29-ஆம் நாள், கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் வண்டியைத் தொடங்கி வைத்தவர், தமது எதிர்க்கட்சியார் தேர்ந்த அம்மெட்ரோவைத் தாம் முதலில் விரும்பாத அதே முதலமைச்சரே. சுமார் 45 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டம் 2019 பிப்ரவரியில் முற்றுப்பெற்றது. இதற்கிடையே, 2014-ல் மத்தியிலும் ஆட்சி மாறியிருந்தது. அப்பொழுதும் வேலை நிற்கவில்லை.

இஃது ஆண்டவர்களின் பெருந்தன்மையால் மட்டும் நிகழ்ந்ததோவெனின், அன்று. சில கட்டுகளும் உடனிருந்தன. மெட்ரோ நிறுவனம் மத்திய அரசும் மாநில அரசும் சமபங்கு கொண்ட கூட்டு நிறுவனமாயிற்று. ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடித்திருப்பர். கடன் வேற்று நாட்டினின்றும் பெற்றது. வாக்குப் பிறழ்ந்தால் நாட்டின் நாணயம் குன்றும். ஒப்பந்தக்காரர்களோடு கையொப்பமிட்ட பத்திரங்கள் இருந்தன. இடையில் முறித்தால் இழப்பீடு கொடுக்க நேரும். மனம் மாறினாலும் கை மாறாதபடி தடுக்கும் வேலிகள் இவை. மோனோ இரயிலுக்கு இத்தகைய வேலி ஒன்றும் அமையவில்லை. ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட்டன, திட்டத்தின் நீளம் குறைக்கப்பட்டது, ஆண்டுகள் கழிந்தன, ஒரு தூணும் எழவில்லை.

ஏட்டளவில் நின்ற திட்டத்தால் எவர்க்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்கக்கூடும். பூந்தமல்லியிலிருந்து வடபழனி வரை மோனோ இரயில் வரும் என்று அப்பகுதி மக்கட்குச் சொல்லப்பட்டது. அது வரவில்லை. பின்னர், மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து வடபழனி வழியாகப் பூந்தமல்லிக்குச் செல்லும் பாதை அப்பகுதிக்கென வகுக்கப்பட்டது. இடையிற் கழிந்த ஆண்டுகளில் அச்சாலையிற் பேருந்துக்குக் காத்து நின்றவர் எத்தனை பேர்! கணக்கேட்டில் நட்டமாக எழுதப்படாதது காலம் ஒன்றே. ஆயினும் ஏழைக்கு அதனினும் பெரிய முதல் வேறில்லை.

இன்னுமொரு சான்று கூறுவேன். பேருந்து, இரயில், மெட்ரோ ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கித் திட்டமிடுதற்கென்று, சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்கும் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டது. மறு ஆண்டு ஆட்சி மாறிற்று. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019-ல். குழுமத்தின் முதற்கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். ஆட்சி மாற்றத்திற்கு அஞ்சாத நெடுநோக்கு வேண்டும் என்று பிறந்த குழுமமே, கூடுவதற்குப் பன்னீராண்டு காத்திருந்தது!

இந்நோய் நம் நாட்டிற்கே உரியதென எண்ணற்க. கனடா நாட்டில் டொராண்டோ என்னும் மாநகரின் எக்ளிண்டன் சாலையில், 1994-ல் நிலத்தடி இருப்புப்பாதைக்கு மண் தோண்டத் தொடங்கினர். 1995-ல் அம்மாகாணத்தில் ஆட்சி மாறிற்று. செலவைக் குறைப்போம் என்று வாக்களித்து வந்த புதிய அரசு, அவ்வேலையை நிறுத்தியதோடு அமையாது, தோண்டிய குழியையும் மண்ணிட்டுத் தூர்த்தது. 2011-ல் அதே சாலையில் மற்றோர் இருப்புப்பாதைக்கு மறுபடியும் வேலை தொடங்க நேர்ந்தது. தோண்டியதற்கும் கூலி, தூர்த்ததற்கும் கூலி, மீண்டும் தோண்டியதற்கும் கூலி. சிக்கனம் என்று பெயரிட்டுச் செய்த செயல் ஊதாரித்தனமாய் முடிந்தது.

இனி, என் கருத்திற்கு மாறாகக் கூறத்தக்கவற்றையும் நோக்குவோம். “முன்னவர் தொடங்கியதையெல்லாம் பின்னவர் முடித்தே தீரவேண்டுமெனின், தேர்தல் நெருங்குங்கால் ஆள்வோர் ஊர்தோறும் அடிக்கல் நாட்டி அடுத்த அரசின் கையைக் கட்டிவிடுவரே” என்பது ஒரு தடை. இத்தடை வலியுடையதே. தேர்தல் அறிவிப்பு வெளிவந்தபின் அமைச்சர்கள் அடிக்கல் நாட்டலாகாது என்று தேர்தல் ஆணையத்தின் நன்னடத்தை விதி கூறுவதும் இதுபற்றியே. ஆயின் அடிக்கல் வேறு, அடித்தளம் வேறு. பெயர் பொறித்த கல்லொன்றை நாட்டியதனால் வேலை தொடங்கியதாகாது. நிலம் எடுத்து, பொருள் ஒதுக்கி, ஒப்பந்தம் செய்து, மண்ணை அகழ்ந்த பின்னரே வேலை தொடங்கியதாகும். அதற்கு முன் ஆராய்வது புதிய அரசின் கடமை; அதற்குப் பின் முடிப்பதே அதன் கடமை.

“தவறான திட்டத்திற் செலவிட்டுவிட்டோம் என்பதற்காக மேலும் செலவிடுதல் அறிவுடைமையோ?” என்பது மற்றொரு தடை. இதுவும் தள்ளத்தக்கதன்று. கழிந்த செலவை விடுத்து, இனி ஆகும் செலவையும் இனி வரும் பயனையும் தராசிலிட்டு நோக்குதலே முறை. அங்ஙனம் நோக்கி, நிறுத்துதலே நன்றென்று விளங்கின் நிறுத்துக. ஆனால், அக்கணக்கு மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும். முன்னவர்மீதுள்ள வெறுப்பைக் கணக்கென்று கூறி மறைத்தல் ஆகாது.

ஆதலின் நான் வேண்டுவன மூன்று. முதலாவது, தொடங்கிய பாதை ஒன்றை நிறுத்தக் கருதும் அரசு, இதுவரை ஆன செலவு இவ்வளவு, நிறுத்துவதால் ஆகும் இழப்பு இவ்வளவு, நிறுத்துவதற்குக் காரணம் இன்னது என்று சட்டமன்றத்தில் எழுத்து மூலம் வைத்தல் வேண்டும். இரண்டாவது, மேற்கூறிய போக்குவரத்துக் குழுமம், எவர் ஆண்டாலும் தவறாது கூடித் தன் பணியைத் தொடர்தல் வேண்டும். மூன்றாவது நம்மைச் சார்ந்தது. வாக்குக் கேட்டு வருவோரிடம், “புதிதாக என்ன கொண்டு வருவீர்?” என்றே கேட்கின்றோம். “தொடங்கி நிற்பதை என்ன செய்வீர்?” என்று கேட்பவர் யார்? நாம் கேளாத வினாவிற்கு அவர்கள் விடை தேடுவார்களென எதிர்பார்ப்பது வீண்.

நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகவில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளம். 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு. இதற்கு 2020 நவம்பரில் அ.தி.மு.க. ஆட்சியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 மே மாதத்தில் வந்த தி.மு.க. ஆட்சி அதனை விடாது தொடர்ந்தது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபர் வரை வாராதிருந்தும், பெருஞ்சுமையை மாநிலம் தாங்க நேர்ந்தும், வேலை நடந்துகொண்டேயிருந்தது. கட்சி வேற்றுமை மிக்க நம் நாட்டிலும் வினைத்திட்பம் இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மதுரையில் புதுமண்டபத்திற்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கிய இராயகோபுரம் இன்றும் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. திருவரங்கத்தின் தெற்கு வாயிற் கோபுரமோ பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாய் நின்று, 1987-ல் நிறைவெய்தி விண்ணளாவி நிற்கின்றது. தொடங்கிய அரசர்களின் கொடி இன்று எங்குமில்லை. எனினும், முடித்தவர்கள் அதனை அயலார் வேலையென்று ஒதுக்கவில்லை. ஊரின் வேலையென்றே கொண்டனர். தூண்களும் அத்தகையனவே. அவை எக்கட்சியின் உடைமையும் அல்ல. வரி கொடுத்தவர்க்கும், வழி விட்டவர்க்கும், தடுப்புக்குப் பின்னால் கடை திறந்து காத்திருப்பவர்க்கும் உரியன. மாணவ நண்பர்காள், நாளை நம்முட் சிலர் அலுவலராகவும், சிலர் சட்டமன்றத்தாராகவும், யாவரும் வாக்காளராகவும் இருப்போம். அன்று நம் முன்னவர் விட்டுச்சென்ற அரைகுறை வேலை ஒன்று நம் கைக்கு வருமாயின், அதனைத் தொடங்கியவர் யாரென்று கேளாமல், அதற்காகக் காத்திருப்பவர் யாரென்று கேட்போமாக.