புலிக்குட்டியை வீட்டில் வளர்க்கலாமா? தம்பிக்கு ஒரு மறுப்பு



போன மாத சுவர் இதழை எல்லோரும் படித்திருப்பீர்கள். அதில் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் ‘எனக்கு ஒரு புலிக்குட்டி வேண்டும்’ என்று எழுதியிருந்தான். துபாயில் காரின் பின் ஸீட்டில் சிங்கத்தை உட்கார வைத்துக்கொண்டு போகும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து ஆசையாம். பாசம் காட்டினால் எந்த மிருகமும் அடங்கும், நாய் அடங்கவில்லையா, பூனை அடங்கவில்லையா என்று கேட்டிருந்தான். படமும் அழகாக வரைந்திருந்தான். (வால்தான் கொஞ்சம் நீளம்!) இன்டர்வெல் நேரத்தில் அந்தத் தாளுக்கு முன்னால் ஒரே கூட்டம். ஓரத்தில் பென்சிலால் ‘சூப்பர்டா’ என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு.

தம்பி, உன்னைக் கிண்டல் பண்ண நான் இதை எழுதவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் நானும் உன் கட்சிதான். சொல்லப்போனால் உன்னைவிட ஒரு படி மேல். நீ வீடியோவில்தான் பார்த்தாய். நான் குட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி மேலே போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவாங்க. நம் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் இதுதானே கதை! பரீட்சை லீவில் ஒரு நாள் நானும் கூடப் போனேன். காய் எடுத்துக்கொண்டிருந்தபோது மேல் வரிசையில் ஒரு அக்கா கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால், பாறை இடுக்கில் காய்ந்த சருகுக்குள் இரண்டு சிறுத்தைக் குட்டிகள். வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். கூட வேலை செய்த மாமா ஒருவர் ஒன்றைத் துண்டில் சுற்றித் தூக்கிவிட்டார். “இந்தா பாப்பா, புடிச்சுப் பாரு” என்று என்னிடம் கொடுத்தார்.

என்ன சூடு தெரியுமா அந்த உடம்பு! பால் வாடை அடித்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதனுடையதா என்னுடையதா என்றே தெரியவில்லை. “அம்மா, வீட்டுக்குக் கொண்டு போவோம்மா, ஆட்டுப்பால் குடுத்து வளர்ப்போம்” என்று அழாத குறையாகக் கேட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. “அதுக்கும் ஆத்தான்னு ஒருத்தி இருப்பால்ல? இங்கனதான் எங்கிட்டாச்சும் நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. வச்சுட்டு வா” என்று மட்டும் சொன்னாங்க. எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. எடுத்த இடத்திலேயே வைத்தேன். அதற்குமேல் அந்தச் சரிவில் யாரும் வேலை பார்க்கவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது இடுக்கு காலி. ஈர மண்ணில் பெரிய காலடித் தடம் இருந்ததாக அம்மா சொன்னாங்க. வேலையைப் பாதியில் விட்டதற்காக எல்லோருக்கும் அரை நாள் கூலி போய்விட்டது. அதுவும் நடந்தது.

அம்மா மேல் எனக்குப் பல நாள் கோபம். அந்தக் கோபத்தில்தான் புலி வளர்த்தவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வளர்க்கலாம் என்று நிரூபிக்கத்தான் படித்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

முதலில் கிடைத்தது கெய்ரி. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில், கெய்ரி ஆற்றங்கரையில், 1974 அக்டோபரில் பழங்குடி மக்கள் ஒரு பெண் புலிக்குட்டியைக் கண்டெடுத்தார்கள். சிமிலிபால் புலிகள் காப்பகத்தின் முதல் கள இயக்குநர் சரோஜ் ராஜ் சௌத்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவரும் அவருடைய உறவினரான நிகார் நளினி என்ற அம்மையாரும் ஜோஷிப்பூரில் தங்கள் பங்களாவிலேயே அதை வளர்த்தார்கள். கூண்டு இல்லை, சங்கிலி இல்லை. அந்த அம்மையாருடன் ஒரே அறையில் படுத்துத் தூங்குமாம். பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

தம்பி, உன் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இன்னொன்றும் சேர்த்துக்கொள். கெய்ரியால் விஞ்ஞானத்துக்கும் லாபம் வந்தது. புலி தன் எல்லையைக் காட்ட மரத்தின் மேல் ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும் அல்லவா? காட்டுப் புலியின் பின்னால் நின்று யார் அதைப் பிடிப்பது! கெய்ரி வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்ததால் கொல்கத்தா விஞ்ஞானி பிரம்மச்சாரி அதை அருகிலிருந்தே ஆராய முடிந்தது. புலி அடிக்கும் அந்தத் திரவத்தில் பாசுமதி அரிசியின் வாசனை வருவதற்குக் காரணமான அதே வேதிப்பொருள் இருப்பதாகப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். (வேதியியல் ஆசிரியர் கவனத்திற்கு!) ஏலக்காய் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது சுவையான செய்திதான். பிரியாணி அண்டாவைத் திறந்தால் வருகிற வாசம் காட்டுக்குள் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் போல!

ஆனால் கெய்ரியின் கதை எப்படி முடிந்தது என்று வீடியோ போடுகிறவர்கள் சொல்வதில்லை. ஒரு வெறிநாய் வந்து கடித்தது. 1981-இல் கெய்ரி செத்துப்போனது. ஏழு வயதுகூட நிறையவில்லை. அது காட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. குட்டி போட்டுத் தாயாகவும் இல்லை. அடுத்த வருடமே சௌத்ரியும் காலமானார். புலிகளின் காலடித் தடத்தை வைத்து அவற்றை எண்ணும் முறையை உண்டாக்கியவர் அவர். புலியைப் பற்றி நம் நாட்டில் அவ்வளவு தெரிந்த இன்னொருவரைத் தேடுவது கஷ்டம். அவர் வீட்டிலேயே ஒரு தெருநாயைத் தடுக்க முடியவில்லை என்றால், நம் தெருவில் எத்தனை நாய் இருக்கிறது என்று எண்ணிப் பார்.

சரி, வளர்த்துவிட்டுக் காட்டில் விட்டால்? அதையும் ஒருவர் செய்தார். உத்தரப்பிரதேசத்தில் துத்வா காட்டு ஓரம் ‘டைகர் ஹேவன்’ என்ற பண்ணை வீட்டில் வாழ்ந்த பில்லி அர்ஜன் சிங். முதலில் வேட்டைக்காரராக இருந்தவர், பிறகு மனம் மாறியவர். மூன்று சிறுத்தைகளை வளர்த்துக் காட்டில் விட்டார். அதில் ஹாரியட் என்ற சிறுத்தை காட்டிலேயே குட்டி போட்டது. வெள்ளம் வந்தபோது குட்டிகளை வாயில் கவ்வி ஆற்றைத் தாண்டி இவர் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தது. தண்ணீர் வடிந்ததும் இவர் படகில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாராம். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு நம்பிக்கை நம் மேல் ஒரு மிருகத்துக்கு வருமென்றால் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் அது பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 1976-இல் அவர் இங்கிலாந்து மிருகக்காட்சி சாலையிலிருந்து ‘தாரா’ என்ற புலிக்குட்டியைக் கொண்டுவந்தார். 1978-இல் தாரா காட்டுக்குள் போனது. பிறகு அந்தப் பக்கத்தில் புலி ஆளை அடிக்க ஆரம்பித்தபோது, மனிதனுக்குப் பயப்படாத தாராதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். சுடப்பட்ட புலி தாராதான் என்றார்கள். இல்லவே இல்லை என்றார் அர்ஜன் சிங். 2010-இல் அவர் இறக்கும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை. போதாக்குறைக்கு, தாராவின் ரத்தத்தில் சைபீரியப் புலிக் கலப்பு இருந்தது, அது துத்வா புலிகளுக்குள் கலந்துவிட்டது என்று இன்னொரு புகார். எந்தப் புலி ஆளை அடித்தது என்பதைப் பெரியவர்கள் பேசட்டும். நான் யோசிப்பது விறகு பொறுக்கப் போனவர்களையும் கரும்புக் காட்டில் வேலை செய்தவர்களையும்தான். அவர்கள் யாரும் புலி வளர்க்க ஆசைப்படவில்லை. எங்கள் அம்மா மாதிரி கூலிக்குப் போனவர்கள்.

தம்பி கேட்ட நாய், பூனை கேள்விக்கு வருகிறேன். நாய் அடங்கியது ஒரு நாளில் இல்லை. பல ஆயிரம் வருடம், தலைமுறை தலைமுறையாக, கடிக்கிறதை விலக்கி, குழைகிறதைச் சேர்த்து வளர்த்ததால் வந்தது. புலிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. உன் வீட்டில் பிறந்தாலும் அதற்குள் இருப்பது காட்டுப் புலிதான். அதற்குக் கெட்ட எண்ணம் என்று ஒன்றும் இல்லை. நம் வீட்டுப் பூனை விளையாட்டுக்குக் கையைக் கவ்வினால் கோடு விழும். நூற்றைம்பது கிலோ பூனை அதே விளையாட்டை விளையாடினால்? அமெரிக்காவில் ராய் ஹார்ன் என்ற மேஜிக் கலைஞர் புலிகளோடு எத்தனையோ வருடம் மேடை ஏறியவர். 2003 அக்டோபரில் மேடையிலேயே அவருடைய புலி கழுத்தைக் கவ்வி இழுத்துப் போனது. தனக்கு மயக்கம் வந்ததால் புலி காப்பாற்றத்தான் இழுத்தது என்று அவர் கடைசிவரை சொன்னார். அப்படியே வைத்துக்கொள்வோம். காப்பாற்றியதே அந்த லட்சணம் என்றால்!

ஐயப்ப சாமி புலி மேல் வரவில்லையா என்று கார்த்திகை மாதம் மாலை போடும் அண்ணன்கள் கேட்கக்கூடும். அந்தக் கதையிலேயே புலிப்பாலுக்கு அனுப்பியது பிள்ளை திரும்பி வரக்கூடாது என்றுதானே!

இதில் புலிக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தாய்லாந்தில் ஒரு கோயிலில் பிக்குகள் புலி வளர்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2016-இல் அரசு உள்ளே போய்ப் பார்த்தால், ஃப்ரீஸரில் நாற்பது செத்த குட்டிகள். மீட்கப்பட்ட 147 புலிகளில் 2019-க்குள் 86 செத்துவிட்டன. சொந்தத்துக்குள்ளேயே குட்டி போட வைத்ததால் நோயைத் தாங்கும் சக்தி இல்லை. நம் நாட்டில் சர்க்கஸில் புலி, சிங்கம் கூடாது என்று 1998-இல் அரசு உத்தரவு போட்டது நல்லதாகப் போயிற்று. தாத்தா மதுரையில் பார்த்த சர்க்கஸ் சிங்கத்தைப் பற்றி இன்னும் பெருமையாகப் பேசுவார். அது எந்தக் கூண்டில் படுத்தது என்று கேட்டால் தெரியாது என்பார்.

நம்மிடமிருந்து அதற்கு வருகிற ஆபத்தும் உண்டு. வண்டலூரில் 2021 ஜூன் மாதம் கொரோனா வந்து நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. அவை ஊர் சுற்றவில்லையே! கொரோனாவைக் கொண்டுவந்தது மனிதர்கள்தான்.

அப்படியானால் தாயை இழந்த குட்டியைச் சாக விடுவதா? இல்லை. அதே 2021 செப்டம்பரில் வால்பாறைப் பக்கம் முடீஸ் எஸ்டேட்டில் முள்ளம்பன்றி முள் குத்திய ஒரு புலிக்குட்டி கிடைத்தது. வனத்துறை வைத்தியம் பார்த்து, மந்திரிமட்டத்தில் பத்தாயிரம் சதுர அடியில் வேலி போட்டு விட்டது. ஆட்களைக் கண்ணில் காட்டாமல், கேமராவில் பார்த்துக்கொண்டு, தானே இரை பிடிக்கப் பழக்கினார்கள். யாரும் மடியில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுக்கவில்லை. பார்க்க ஒரு சுவாரசியமும் இல்லாத பாசம் அது. எனக்கு அதுதான் பெரிய பாசமாகத் தெரிகிறது. மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டி கிடைத்தால், வனத்துறைக்காரர்கள் அதே இடத்தில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு விலகிவிடுவார்களாம். ராத்திரி தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். எங்கள் அம்மா இதையெல்லாம் படித்ததில்லை.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி மூன்று வருடத்துக்குக் குறையாத ஜெயில் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி சொன்ன துபாயிலும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் சிங்கம், புலி வைத்திருப்பது குற்றம். நீ பார்த்தது பழைய வீடியோவாக இருக்கும்.

ஆசை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. இப்போதும் சில ராத்திரி அந்தச் சூடு உள்ளங்கையில் தெரிகிறது. போன அரையாண்டு லீவில் மறுபடியும் அம்மாவோடு மேலே போனேன். ஜீப் அந்தச் சரிவுக்கு நேரே வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாங்க. “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல, இந்நேரம் நல்லா வளந்திருக்கும்ல” என்றாங்க. அரை நாள் கூலியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தம்பி இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால் எழுதட்டும். அடுத்த இதழில் எனக்குக் கொடுத்த இடத்தை அவனுக்கே விட்டுக்கொடுக்கிறேன். படமும் அவனே போடட்டும்.

– பதினோராம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு