வைட்டமின் டப்பாவும் பட்டாம்பூச்சிக் குழந்தைகளும்

சட்டைத் தையல் உரசினாலே தோலில் கொப்புளம் கிளம்பி உரிந்து போகும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்று பெயர். வாயில் நுழையாது, எனவே சுருக்கமாக ஈ.பி. பட்டாம்பூச்சிச் சிறகு போல மெல்லிய தோல் என்பதால் மேலை நாடுகளில் 'பட்டாம்பூச்சிக் குழந்தைகள்' என்கிறார்கள். பெயர் அழகாக இருக்கிறது, வலி அப்படி இல்லை.

இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு யாராவது ஒருவர் வைட்டமின் டப்பாவோடு வந்துவிடுவார். "வைட்டமின் சி கொலாஜனை வளர்க்கும், ஈ தோலை ஆற்றும், மூணு மாசம் கொடுத்துப் பாருங்க!"

இதில் பாதி உண்மை. அதுதான் ஆபத்தே! கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும் என்பது சரி. ஆனால் ஈ.பி.யின் கடுமையான வகை ஒன்றில், மேல்தோலைக் கீழ்த்தோலோடு நங்கூரம் போலக் கட்டி வைக்கும் கொலாஜன் 7-ஐச் செய்யச் சொல்லும் மரபணுவே பழுது. வவுச்சரே தப்பு என்றால் கால்குலேட்டரை மாற்றி என்ன பயன்?

அப்படியானால் டாக்டர்களே இந்தக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து, துத்தநாகம், வைட்டமின் டி எல்லாம் எழுதித் தருகிறார்களே? தருகிறார்கள். வாயிலும் உணவுக்குழாயிலும் புண் இருந்தால் குழந்தை எப்படிச் சாப்பிடும்? திறந்த புண்கள் வழியே ரத்தமும் புரதமும் வேறு போகிறது. ரத்தப் பரிசோதனையில் எது குறைகிறதோ அதை ஈடு கட்டுகிறார்கள். ரத்தசோகை குறையும், எலும்பு தேறும். மரபணு மாறாது. அந்தச் சீட்டைக் காட்டியே டப்பாக்காரர் தன் சரக்கை விற்கிறார்!

வைட்டமினால் அடங்கும் பரம்பரை நோயே இல்லையா? உண்டு. பயோட்டினிடேஸ் குறைபாட்டில் தோல் தடிக்கும், முடி கொட்டும், வலிப்பு வரும். தினமும் பயோட்டின் கொடுத்தால் கட்டுக்குள் வரும். ஏனென்றால் அங்கே கெட்டுப்போனது பயோட்டினை உடல் மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் வேலைதான். ஈ.பி.யில் கெட்டது வேறு இடம்.

"எங்க குழந்தைக்குக் குறைஞ்சுதே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. வெயில் காலத்தில் கொப்புளம் அதிகமாகி, குளிர் வந்ததும் குறைவது பலருக்கு உண்டு. மே மாதம் ஆரம்பித்த மாத்திரைக்கு டிசம்பரில் பெயர் கிடைத்துவிடும். கொலாஜன் 7 மரபணுவைப் புண்ணுக்குள் கொண்டு சேர்க்கும் ஒரு ஜெல்லை 31 பேரிடம் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஆளின் ஒரு புண்ணில் மருந்து, இன்னொரு புண்ணில் மருந்தில்லாத வெறும் ஜெல். 6 மாதத்தில் மருந்து வைத்த புண்களில் 67 சதவீதம் முழுதாக ஆறின. வெறும் ஜெல் வைத்தவற்றில்? 22 சதவீதம்! மருந்தே இல்லாமல் நூற்றுக்கு 22 புண் ஆறும் என்றால், எந்த டப்பாவுக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

இந்தியாவில் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சத்துப் பொருட்களைக் குறிப்பிட்ட நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கக்கூடாது. அதனால் டப்பாவில் 'சரும ஆரோக்கியம்' என்று மட்டும் இருக்கும். மிச்சத்தை விற்பவர் வாயால் சொல்வார். டப்பாவில் இருக்கும் லைசென்ஸ் நம்பர் உணவு விற்க அனுமதி, அவ்வளவே. மருந்து என்பதற்கு அத்தாட்சி அல்ல.

"கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன?" என்பது அடுத்த வசனம். வைட்டமின் ஏ அதிகமானால் உடம்பில் தங்கிக் கல்லீரலைக் கெடுக்கும். பசியே இல்லாத குழந்தைக்கு இது தேவையா?

அந்த ஜெல்லுக்கு 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை வருஷத்துக்குப் பல லட்சம் டாலர்! நம்மூர்ப் பெற்றோர் எட்டிப் பிடிக்க முடியாத விலை. டப்பா வியாபாரம் நடப்பதே அந்த இடைவெளியில்தான். ஆனால் புண்ணில் ஒட்டாத டிரெஸ்ஸிங் துணி இன்றைக்கே வேண்டும், நாளைக்கும் வேண்டும். டப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அந்தத் துணிக்கான காசு.