எண் ஒன்று சொல்லும், இரும்பு வேறு சொல்லும்

பழைய டிராக்டர் விலைக்கு வருகிறது என்றதும் எழும் முதல் கேள்வி, 'எந்த வருஷத்து வண்டி?' என்பதுதான். விற்பவர் தயங்காமல் ஒரு வருடத்தைச் சொல்வார். அது காகிதத்தில் பார்த்ததாக இருக்கும். இல்லையென்றால் இன்ஜினில் பொறித்த எண்ணை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கும். இவற்றை மட்டும் நம்பி விலை பேசுவது தவறு. அரை நூற்றாண்டுக்கு மேல் உழுது, பல கைகள் மாறி, பாகங்கள் கழன்று வேறு பாகங்கள் ஏறிய வண்டியின் வயதை ஒரே ஓர் எண்ணிடம் கேட்டு முடிவுசெய்ய முடியாது. வண்டி முழுவதையும் விசாரித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் ஃபோர்டு 'என்' வரிசை டிராக்டர்கள் இதற்கு நல்ல சான்று. 1938 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டும், அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசனும் எழுத்தில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் கைகுலுக்கி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் கோத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் ஏற்பாடு ஃபெர்குசனுடையது. இன்று தஞ்சாவூர் வயலில் ஓடும் டிராக்டரின் பின்புறத்தில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். பெரிய அளவில் வண்டி செய்யும் வசதி ஃபோர்டிடம் இருந்தது. 1939 ஜூனில் '9என்' வெளிவந்தது. பெயரில் இருந்த 9, அந்த ஆண்டின் கடைசி இலக்கம். 1942-ல் வந்தது '2என்'. அடுத்தது '8என்'.

பெயரிலேயே ஆண்டு இருக்கிறதே, பிறகென்ன குழப்பம் என்று தோன்றும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2என் வண்டிகளின் இன்ஜினிலும் '9என்' என்றே எண் பொறித்தார்கள். அதனால் எண்ணின் முதல் எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு '39-ம் வருஷத்து வண்டி' என்று சொல்பவர், உண்மையில் 1946-ல் செய்த வண்டியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். 8என் கதை இன்னும் சிக்கலானது. அது 1948-ம் ஆண்டுக்கான மாடல். ஆனால் 1947 ஜூலையிலேயே ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிவிட்டது. 1947 இலையுதிர் காலத்தில் செய்த வண்டியை 47 என்பதா, 48 என்பதா? மாடல் ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறு என்று பிரித்துச் சொன்னால் இரண்டும் சரி. பிரிக்காமல் சொன்னால் இரண்டுமே வாங்குபவரைக் குழப்பும்.

எண்ணைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்தால் இடப்பக்கம், இன்ஜின் பிளாக்கில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே அது இருக்கும். அந்த இடத்தில் பல ஆண்டு கிரீசும் இரண்டு மூன்று பூச்சுப் பெயின்ட்டும் ஏறியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்துத் துடைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கிரைண்டரைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது; ஆழமில்லாத பொறிப்பு, ஒரே இழுப்பில் போய்விடும். சுத்தமானதும் சாக்பீஸைத் தடவினால் இலக்கங்கள் வெளுத்துத் தெரியும். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். நம் ஊரில் வண்டிக் கடனுக்கும் பதிவுக்கும் சேசிஸ் நம்பர் எடுக்கும் அதே முறைதான். ஃபோர்டு எண்ணின் முன்னும் பின்னும் பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால் எண்ணின் இலக்கம் எதுவும் விடுபடவில்லை என்று தெரியும்.

எண் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. அந்த எண் இன்ஜினுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. இனிமேல்தான் உடம்பைப் பார்க்க வேண்டும். 9என், 2என் இரண்டிலும் முன்னோக்கிச் செல்ல மூன்று கியர், 8என்னில் நான்கு. முந்தியவற்றில் இடச் சக்கரப் பிரேக் இடக்காலுக்கும் வலச் சக்கரப் பிரேக் வலக்காலுக்கும் இருக்கும். 8என்னில் இரண்டு பெடலும் வலப்பக்கம் வந்துவிட்டன. ஃபோர்டு சின்னத்துக்குக் கீழே 'ஃபெர்குசன் சிஸ்டம்' என்ற தகடு முந்தியவற்றில் உண்டு, 8என்னில் இல்லை. ஆக, மூன்று கியரும் இருபக்கப் பிரேக்கும் உள்ள ஒரு வண்டியின் பிளாக்கில் 8என் எண் இருந்தால், இன்ஜின் வேறு வண்டியிலிருந்து வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். போர்க்காலத்தில் செம்பும் ரப்பரும் கிடைக்காதபோது சில 2என் வண்டிகள் பேட்டரி இல்லாமல் மேக்னட்டோவோடும் இரும்புச் சக்கரத்தோடும் வந்தன. தட்டுப்பாடு நீங்கியதும் பலவற்றுக்கு ரப்பர் டயர் மாட்டினார்கள். எனவே டயரைப் பார்த்து ஆண்டு சொல்வது வீண்.

உதிரிபாகம் வாங்கும்போதுதான் இந்தக் கணக்கின் பயன் தெரியும். 8என்னில் டிஸ்ட்ரிபியூட்டர் முதலில் இன்ஜினின் முன்முகத்தில் இருந்தது. 1950-ல், 2,63,844-ம் எண்ணிலிருந்து, பக்கவாட்டுக்கு மாறியது. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தாது. ஆண்டைத் தவறாகச் சொல்லி வாங்கிய பெட்டி திரும்பக் கடைக்குத்தான் போகும்.

ஏமாற்றுவதில் முதலிடம் பெயின்ட்டுக்கு. 9என்னும் 2என்னும் முழுக்கக் கருஞ்சாம்பல் நிறம். 8என்னில் மேல்தகடுகள் வெளிர்சாம்பல், இன்ஜினும் கியர்பாக்ஸும் சிவப்பு. பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று பழைய 9என்னுக்கும் சிவப்பு அடித்துவிடுகிறார்கள். சின்னமும் அப்படியே. ஃபோர்டு நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1953-ல் வந்த என்ஏஏ டிராக்டரின் முகப்பில் பொன்விழா வாசகம் இருந்தது. 1954-ம் ஆண்டு வண்டியில் அது இல்லை. சின்னத்தைக் கழற்றி மாற்றினால் 54-ம் வருஷத்து வண்டி 'பொன்விழா வண்டி' ஆகிவிடும். இதைப் புதுப்பித்தல் என்று சொல்லக் கூடாது, இது மோசடி.

வார்ப்பில் இருக்கும் தேதியை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஃபார்மால் டிராக்டர்களில் பெரிய வார்ப்புப் பாகங்களில் மாதமும் நாளும், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் புடைத்து நிற்கும். வார்த்த பிறகுதான் கோக்க முடியும். ஆகவே வண்டியோடு பிறந்த வார்ப்புகளில் கடைசித் தேதி எதுவோ, வண்டி அதற்குப் பிந்தியது. நாலைந்து பாகங்களின் தேதி ஒன்றையொன்று ஒட்டி வந்தால் ஆலையில் கோத்தபடியே இருக்கிறது என்று நம்பலாம். ஒன்று மட்டும் பல ஆண்டு தள்ளி நின்றால் அது பின்னால் வந்தது.

ஃபோர்டு-ஃபெர்குசன் கைகுலுக்கல் நிலைக்கவில்லை. வழக்கு நடந்து 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குத் தீர்ந்தது. அதற்குள் ஃபெர்குசன் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1946 முதல் டிஇ20 டிராக்டரைச் செய்யத் தொடங்கியிருந்தார். பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்கு ஓட்டிப்போனது இந்த இன வண்டியைத்தான். அடுத்து வந்த '35' மாடல் முதலில் சாம்பலும் பொன்னிறமுமாக இருந்தது. 1957 கடைசியில்தான் சிவப்பானது. ஃபெர்குசனின் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து உருவான மாஸி ஃபெர்குசன் வழியில், 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தன.

அதனால் இது அமெரிக்கர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. நம் ஊர்ப் பழைய வண்டிகளிலும் இன்ஜின் மாறியிருக்கிறது, தகடு தொலைந்திருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் பதிவான ஆண்டையே தயாரித்த ஆண்டாகச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. விற்பவர் 'இன்ஜின் இந்த ஆண்டு, உடம்பு இந்த ஆண்டு' என்று பிரித்துச் சொல்வதுதான் நேர்மை. வீட்டில் பழைய டிராக்டர் இருப்பவர்கள், பெயின்ட் அடிக்கவோ காயலான் கடைக்கு அனுப்பவோ முடிவெடுக்கும் முன் சேசிஸ், இன்ஜின் எண்களையும் வார்ப்புக் குறிகளையும் பென்சிலால் அச்செடுத்து, தகட்டைப் படம்பிடித்து ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரப்படுத்தி வையுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது, எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.