825இல் யாரும் பிரிந்து போகவில்லை

கி.பி. 825இல் மலையாள நாடு தமிழகத்தைவிட்டுப் பிரிந்து தனிவழி போய்விட்டது என்று கொழிஞ்சாம்பாறையிலும் சொல்கிறார்கள், குமுளியிலும் சொல்கிறார்கள். கடைசிச் சேரமான் பெருமாள் நாட்டைச் சிற்றரசர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு மக்காவுக்குக் கப்பலேறினாராம். அன்று பிறந்ததுதான் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக்கணக்காம். அத்தோடு தமிழ் உறவு அறுந்ததாம். 2024 ஆகஸ்ட் 17 அன்று, சிங்ஙம் முதல் தேதியில், கொல்லம் 1200 பிறந்தபோது இந்தக் கதைக்குப் புதிய உயிர் வந்தது. எல்லைக்குக் கிழக்கே இருப்பவர்கள் மலையாளிகளைப் ‘பிரிந்து போனவர்கள்’ என்கிறார்கள். மேற்கே இருப்பவர்கள் தங்கள் ஊர்த் தமிழரை ‘பின்னால் வந்தவர்கள்’ என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றே. அந்த வேரில் உண்மை இல்லை.

பெருமாள் கதையையே எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், சேரமான் பெருமாள் நாயனார் திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரரைப் பின்தொடர்ந்து குதிரையில் கயிலைக்குப் போகிறார். பிற்கால மலையாள நூலான கேரளோற்பத்தியில் அவர் மக்காவுக்குப் போகிறார். 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியில் இருந்து துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற நூலை எழுதிய ஷெய்க் ஜைனுத்தீன் மக்தூம், நபிகள் காலத்திலேயே பெருமாள் மதம் மாறினார் என்ற பேச்சை மறுத்தார். ஹிஜ்ரி 200க்குப் பிறகு நடந்திருக்கக்கூடும் என்றுதான் அவர் சொன்னார். 1887இல் வெளிவந்த மலபார் மானுவலில் வில்லியம் லோகன் இந்த மக்காப் பயணத்தைக் கொல்லம் ஆண்டோடு முடிச்சுப்போட்டு, 825 ஆகஸ்ட் 25 என்று நாளையே குறித்தார். நாம் இன்று பழங்காலத்து நினைவு என்று போற்றும் கதையின் தேதி, வெள்ளைக்கார கலெக்டரின் மேசையில் உறுதியானது.

கொல்லம் ஆண்டுக்குக் காரணமென்று ஆதிசங்கரரையும் இதே ஆண்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ‘ஆசார்ய வாகபேத்யா’ என்ற தொடர்தான் அதற்குச் சாட்சியாம். கடபயாதி முறையில் எழுத்துக்கு எழுத்து எண் போட்டால் 0, 6, 1, 4, 3, 4, 1. திருப்பிப் படித்தால் 14,34,160. கலியுகம் தொடங்கி அத்தனை நாள் கழிந்தால் 825 ஆகஸ்ட் வரும். கணக்கு சரிதான். ஆனால் ஒரு தேதியைத் தெரிந்துகொண்ட எந்தப் பண்டிதரும் எந்த நூற்றாண்டிலும் உட்கார்ந்து இப்படி ஒரு தொடரைச் செய்துவிடலாம். சங்கரர் 820இலேயே சமாதியடைந்தார் என்பதும் இதே மக்கள் நம்பும் கணக்குதான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

இனி, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்றுக்கு வருவோம். 849இல் வேணாட்டின் அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளித் தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டுகிறார். இடம் குரக்கேணிக் கொல்லம். அதாவது எந்த ஊரின் பெயரால் ஆண்டு வழங்குகிறதோ அதே ஊர். 825க்கு 24 ஆண்டுகள்தான் கழிந்திருக்கின்றன. பெரும் அரசியல் விடுதலையின் நினைவாக ஓர் ஆண்டுமுறை அங்கே பிறந்திருந்தால், அந்த ஊரின் மிக முக்கியமான சாசனத்தில் அது வராமல் போகுமா? வரவில்லை. ஸ்தாணு ரவி என்ற பெருமாளின் ஐந்தாம் ஆட்சியாண்டு என்றுதான் இருக்கிறது. கடைசிப் பெருமாள் போய்விட்டதாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பின் சேரர் தலைநகரான மகோதயபுரத்தில் ஒரு பெருமாள் அரியணையில் இருக்கிறார்! அந்த வம்சத்தின் ராம குலசேகரர் 1102இல்கூடக் கொல்லத்துக் கல்வெட்டில் நிற்கிறார். சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள்: கூஃபி எழுத்தில் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்தில் பாரசீகம். சாசனத்தின் உடலோ வட்டெழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தைப் பழகிய தமிழ் வாசகருக்கு அதன் மொழி பெரும்பாலும் விளங்கும். உலகமே வந்துபோன துறைமுகம் அது. அங்கேயா அண்டை வீட்டானோடு உறவு முறிந்தது?

கொல்லம் ஆண்டு தன் பெயரோடு முதலில் தெரிவது 974ஐ ஒட்டிய மாம்பள்ளிச் செப்பேட்டில், கொல்லம் தோன்றி 149ஆம் ஆண்டு என்று. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை இது வடநாட்டுச் சப்தரிஷி ஆண்டுக்கணக்கின் திருத்திய வடிவம் என்று வாதிட்டார். வேறு விளக்கங்களும் உண்டு. பிறப்பு எதுவாயினும் அது ‘மலையாளத்துக்கு மட்டும்’ ஆன கணக்கு அல்ல. திருநெல்வேலிச் சீமையில் கல்வெட்டிலும் ஓலைப் பத்திரத்திலும் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியது அதுதான். பிரிவினையின் சின்னம் என்றால் தாமிரபரணிக் கரைக்காரர்கள் எதற்காக அதைத் தங்கள் கிரயப் பத்திரத்தில் எழுதினார்கள்?

பத்தாம் நூற்றாண்டை நெருங்கிப் பார்த்தால் கதை இன்னும் தள்ளாடும். தில்லைத்தானத்துக் கல்வெட்டில் முதலாம் ஆதித்த சோழனும் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் அதே ஸ்தாணு ரவியும் சேர்ந்து விக்கியண்ணன் என்ற தலைவனுக்குச் சிறப்புச் செய்கிறார்கள். ஆதித்தனின் மகன் பராந்தகனுக்கு அரசி சேர இளவரசி கோக்கிழானடிகள். அவர் வயிற்றில் பிறந்தவர் இராசாதித்தர். அவருடைய படைத்தலைவன் மலைநாடான கேரளத்தின் புத்தூரைச் சேர்ந்த வெள்ளன் குமரன். இந்த மலைநாட்டுக்காரன் 943இல் பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் சிவன் கோயில் கட்டினான். அங்கே அவன் வெட்டிய கல்வெட்டில் பராந்தகனின் 36ஆம் ஆண்டு இருக்கிறது. கலியாண்டு 4044 இருக்கிறது. கலி நாள் 14,77,037 என்றுகூட இருக்கிறது. நாளெண்ணிக்கை வரை போன அந்த மனிதன் கொல்லம் ஆண்டைத் தொடவில்லை. அவனுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

949இல் தக்கோலப் போரில் இராசாதித்தர் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டார். அப்போது வெள்ளன் குமரன் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகாமல் போனோமே என்று உடைந்து, கங்கையில் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதராக அமர்ந்தார். ஒரு மலையாளி வீரர் ஒரு சோழ இளவரசனுக்காக வாழ்நாள் முழுதும் பட்ட துக்கம் அது. இதை நம் பிள்ளைகளுக்கு எல்லையின் எந்தப் பக்கத்துப் பாடமும் மனத்தில் பதியச் சொல்லித் தருவதில்லை. இது எனக்கு ஆறாத கோபம்.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது கொங்கன்படை. பாலக்காட்டுச் சித்தூரில் பகவதி கோயிலை ஒட்டி, கும்ப மாதத்தில் போரையே நடித்துக் காட்டும் திருவிழா. கொங்கு அரசன் படையெடுத்து வந்தான், சித்தூரில் தோற்றுப்போனான் என்பது ஐதீகம். அதைப் பத்தாம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். விழா நடக்கட்டும், பகவதி அந்த ஊரின் தாய். ஆனால் இதை மலையாளி-தமிழர் பகையின் ஆதாரமாகக் காட்டாதீர்கள். ஆதித்தன் காலத்திலேயே கொங்கு சோழர் கைக்குப் போயிற்று. அந்தச் சோழர் வீட்டில்தான் சேரப் பெண் அரசியாக இருந்தாள். பாலக்காட்டுக் கணவாய் வழியே படை வந்திருக்கலாம். அதே வழியில் ஒவ்வொரு நாளும் மாடும் உப்பும் நெல்லும் வந்து போயின. பின்னால் ராஜராஜன் தென்கேரளத்துக் காந்தளூர்ச் சாலையைத் தாக்கியதும் உண்மை, சோழர் கொல்லத்தைச் சூறையாடியதும் உண்மை. அவை அரசர்களின் சண்டைகள். பாண்டியனோடும் சோழர் அப்படித்தான் சண்டை போட்டார்கள். அதனால் மதுரை தமிழகத்தைவிட்டுப் பிரிந்துவிட்டதா?

இடுக்கியில் இந்தப் பொய் வேறு உருவம் எடுக்கிறது. தமிழர் என்றாலே தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த கூலிகள் என்கிறார்கள். 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு விட்டது பூஞ்ஞார் அரச குடும்பம். அந்தக் குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்றே சொல்லிக்கொள்கிறது. மறையூர், காந்தளூர் அடங்கிய அஞ்சுநாட்டுத் தமிழ்க் குடிகள் தேயிலைக்கு முன்பே அங்கே வேளாண்மை செய்தவர்கள். அந்த மண்ணின் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கிறது. எஸ்டேட்டுக்கு வந்தவர்களும்தான் என்ன குறைந்தவர்கள்? அந்த மலையை அட்டைக்கடியிலும் குளிரிலும் உருவாக்கியவர்கள் அவர்கள்.

உண்மையில் கோடு போடப்பட்ட நாள் நமக்குத் தெரியும்: 1956 நவம்பர் 1. அதற்கு முந்திய நாள் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூரோ கொச்சி வழியாகத் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு, கல்குளமும் விளவங்கோடும் சென்னைக்கு என்று பிரித்தது ஒரு கமிஷனும் நாடாளுமன்றமும். அதற்கு இரண்டாண்டு முன் தெற்குத் திருவிதாங்கூரில் துப்பாக்கிச்சூட்டில் தமிழர் உயிர்விட்டிருந்தார்கள். மனிதர் போட்ட கோடு அது. சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். அதை 825இன் மேல் ஏற்றிவிட்டால் வாதத்துக்கே இடமில்லாமல் போகிறது. தமிழ்ப் பள்ளி கேட்பவரும் தமிழில் படிவம் கேட்பவரும் 1200 ஆண்டுப் பழைய தீர்ப்பை எதிர்க்கும் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் எந்தப் பெருமாளும் இல்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் மனுக் கொடுக்கலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சித்தூர்த் தாலுகாவிலும் தேவிகுளம் தாலுகாவிலும் மனு எழுதுகிறவர்கள் அந்தப் பதிலைக் கேட்டு வாங்க வேண்டும்.