முதலில் மேட், அப்புறம் ஓப்பனிங்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனாலும் ஆனார், எங்கள் குடியிருப்பில் செஸ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். சந்தோஷம்தான். சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் ஆடுவதைப் பார்ப்பது எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

'சிசிலியன்', 'இட்டாலியன்' என்று முதல் ஏழெட்டு மூவை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஆனால் எதிராளியிடம் தனி ராஜா, தன்னிடம் ராணியும் யானையும் என்று வந்துவிட்டால் கை நடுங்குகிறது. செக், செக் என்று போர்டு முழுக்கத் துரத்திவிட்டு, கடைசியில் செக்கும் இல்லாமல் ராஜா நகரவும் இடமில்லாமல் செய்து, ஸ்டேல்மேட்! ஆட்டம் டிரா. போன வாரம் ஒரு எட்டு வயதுப் பையன் இப்படி டிராவாகி, இனிமேல் வகுப்புக்கே போகமாட்டேன் என்று அழுதான்.

என் கட்சி இதுதான்: பிள்ளைகளுக்கு மேட் வைக்கும் வகைகளைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். ஓப்பனிங் எல்லாம் பிறகு. இது நானாகச் சொல்வதல்ல. 1921ல் உலக சாம்பியனான கபாபிளாங்கா அதே வருஷம் வெளியிட்ட 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' புத்தகத்தை எளிய மேட்டுகளில் இருந்துதான் தொடங்குகிறார்.

அதுவும் மனப்பாடம்தானே என்று கேட்பீர்கள். இல்லை. ஓப்பனிங்கில் எதிராளி ஒரு மூவ் மாற்றி ஆடினால் மனப்பாடம் அவுட். மேட்டில் காரணம் கண்ணுக்கு நேரே தெரியும். மூலையில் ராஜா. அதை ஒட்டி, அதே வரிசையில் யானை வந்து செக். யானையை வெட்டலாமே என்றால் குதிரை அதற்குக் காவல். பக்கத்துக் கட்டத்துக்கு ஓடலாமே என்றால் அதையும் அந்தக் குதிரையே பார்க்கிறது. கோண மூலைக் கட்டமோ யானையின் பாதையில். இதற்கு அரேபியன் மேட் என்று பெயர். ராணியும் மந்திரியும் (பிஷப்பை நாங்கள் மந்திரி என்றுதான் சொல்லுவோம்) இன்றைய பலத்தைப் பெற்றது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐரோப்பாவில். யானையும் குதிரையும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படித்தான் நகர்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆடியவர் எழுந்து வந்தாலும் இந்த மேட்டைப் புரிந்துகொள்வார்.

எனக்குப் பிடித்தது ஸ்மதர்டு மேட். சொந்தக் காய்களே ராஜாவைச் சுற்றி நெருக்கி நிற்க, ஒற்றைக் குதிரை குதித்து வந்து கதையை முடிக்கும். அதற்கு முன் ராணியையே பலி கொடுக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப்பில் ஒரு ஹெட் கிளார்க் இதை வைத்தபோது கேரம் ஆடியவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். அவருக்கு ஒரு ஓப்பனிங் பெயரும் தெரியாது!

தினசரி உபயோகத்துக்கு என்றால் கடைசி வரிசை மேட். கோட்டை கட்டிய ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய் அசையாமல் நிற்கும்; எதிரி யானை கடைசி வரிசையில் இறங்கினால் தீர்ந்தது. ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஜன்னல் திறந்து வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் தடுக்கவும் தோன்றும்.

நாலு மூவ் மேட்டை மட்டும் தடுக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதை வைத்து ஜெயித்துப் பழகிய பிள்ளை வேறு எதையும் கற்காது.

வகுப்பில் இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறார்கள். நமக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? பேரனையோ பேத்தியையோ உட்காரவைத்து, ராஜாவும் ராணியும் ஒரு பக்கம், தனி ராஜா மறுபக்கம் வையுங்கள். சரியாக ஆடினால், எங்கிருந்து தொடங்கினாலும் 10 மூவுக்குள் மேட். ராணிக்குப் பதில் யானை என்றால் 16. பிறகு பக்கம் மாற்றி, நீங்கள் ஓடுங்கள், அவர்கள் துரத்தட்டும். இதற்கு 32 காய் வேண்டியதில்லை. பரணில் கிடக்கும், பாதி சிப்பாய் தொலைந்துபோன பழைய செட்டே போதும்.