வாங்கும் முன்: காட்டுக்குப் போகும் கம்ப்யூட்டர்

ஹனூரைத் தாண்டி வருகிறது ராமாபுரம். ஒரு காலத்தில் மைசூர் மாவட்டத்து ஊர். 1997-இல் சாம்ராஜ்நகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. 1992-இல் இங்குள்ள போலீஸ் நிலையத்தை வீரப்பன் கும்பல் தாக்கியபோதுதான் வெளியுலகம் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டது. இங்கிருந்து பர்கூர் வழியாக அந்தியூருக்கு மலைச்சாலை இறங்குகிறது. வீரப்பன் 2004-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மாதேஸ்வரன் மலைக்காடு 2013-இல் வனவிலங்கு சரணாலயமானது. இன்று இந்தப் பக்கம் வருகிறவர்களில் பலர் தோளில் கேமராவோடு வருகிறார்கள்.

படம் எடுப்பது எளிது. அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சிக்கல். 1997-இல் மைசூரைச் சேர்ந்த வனவிலங்குப் புகைப்படக்காரர்களான கிருபாகர், சேனானி இருவரையும் வீரப்பன் கடத்தி 14 நாள் காட்டில் வைத்திருந்தார். அது ஃபிலிம் காலம். ஒரு காட்சிக்கு ஒரே ஒரு மூலம். அது தொலைந்தால் தொலைந்ததுதான். டிஜிட்டல் கேமரா இந்தக் கவலையைப் போக்கியிருக்க வேண்டும். ஆனால் ஐந்து நாள் படங்களையும் நகத்தளவு கார்டு ஒன்றில் வைத்துக்கொண்டு அலைகிறவர், அதே ஃபிலிம் காலத்தில்தான் இன்னும் வாழ்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு ‘ரா’ படம் சுமார் 30 மெகாபைட். நாளுக்கு 400 படம் என்றால் 12 ஜிகாபைட். ஐந்து நாளில் 60. மலைச்சாலையில் செல்போன் சிக்னலை நம்பி இவ்வளவையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிட முடியாது. கையோடு ஒரு சிறிய கம்ப்யூட்டர் தேவைப்படுவது இதனால்தான்.

சிறியது என்றதும் விலை குறைந்ததைத் தேடுவது இயல்பு. ஏமாறுவதும் அங்கேதான். 2007-இல் ஏஸுஸ் நிறுவனம் ‘ஈ பிசி’ என்ற ஏழு அங்குலக் குட்டியைக் கொண்டுவந்தபோது எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆனால் சேமிப்பிடம் வெறும் 4 ஜிகாபைட். இன்றைய மலிவு லேப்டாப்களிலும் அதே கதைதான். 64 ஜிகாபைட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். விண்டோஸ் 11-க்கே குறைந்தது 64 தேவை என்கிறது மைக்ரோசாஃப்ட். படத்துக்கு இடம் எங்கே? பல மாடல்களில் இந்தச் சேமிப்புச் சில்லு போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; பிறகு மாற்றவும் முடியாது.

எனவே 256 ஜிகாபைட்டுக்குக் குறைந்து வாங்க வேண்டாம், 512 நல்லது. அது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இல்லாமல் எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். அசையும் பாகம் இல்லாததால் கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலை அது தாங்கும். யு.எஸ்.பி. 3 துளை இருக்கிறதா என்று பாருங்கள். 64 ஜிகாபைட் கார்டைப் பழைய யு.எஸ்.பி. 2 வழியாக இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகமான கார்டும் ரீடரும் யு.எஸ்.பி. 3-இல் கால் மணிக்குள் முடித்துவிடும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் கார்டு செருகும் துளையே இல்லை. ரீடரைத் தனியாக வாங்கிப் பையில் போட்டுவிட வேண்டும்.

திரை 11 அங்குலத்துக்குக் குறைந்தால் யானையின் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். எடை 1.3 கிலோவைத் தாண்டினால் மூன்றாம் நாள் அதை அறையிலேயே விட்டுப்போகத் தோன்றும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலுக்கு, அதற்கேற்ற திறனுள்ள பவர் பேங்க்கும் உதவும். 20,000 எம்.ஏ.எச். என்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. விமானத்தில் 100 வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே ஐபேட் வைத்திருப்பவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2019 முதல் அது வெளி டிஸ்க்குகளையும் படிக்கிறது, கார்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு நேரடியாகப் படங்களை மாற்றலாம். திருத்தும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் பழக்கம் சரியில்லாவிட்டால் பயனில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய விதி சுலபமானது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பயணத்தில் இதன் பொருள்: கார்டு, கம்ப்யூட்டர், வெளி எஸ்.எஸ்.டி. வண்டி நின்ற பிறகே நகலெடுங்கள். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். கார்டை அழிக்காமல் மறுநாள் வேறு கார்டு போடுங்கள்.

பலர் தவறவிடுவது கடைசி விஷயத்தை. மூன்று பிரதிகளும் ஒரே பையில் இருந்தால், பஸ்ஸில் அந்தப் பை தொலையும்போது மூன்றும் தொலையும். கம்ப்யூட்டர் பையில், எஸ்.எஸ்.டி. துணிப்பெட்டியில், கார்டு சட்டைப்பையில். இந்தப் பிரிவினைக்குச் செலவு எதுவும் இல்லை.