ஆற்றுக்கு ஆள் வேண்டும்

சிறுபோகக் கூட்டத்துக்கு வராத கமக்காரன், பின்னர் வாய்க்காலில் நீர் வரவில்லையென்று முறையிடுவதிற் பயனில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் மதகு திறப்பது, எந்நாளிற் பூட்டுவது என்பனவெல்லாம் கூட்டத்துக்கு வந்திருப்போரின் குரலைக் கேட்டே முடிவாகின்றன. குளத்து நீருக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஆற்று நீருக்கும் பொருந்தும். தனக்காகப் பேச ஆளில்லாத ஆறு, பேச ஆளுள்ளவர் பக்கமே திருப்பப்படும். இதனை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்துக் காட்டியவர்களுள், ஆற்றில் ஓடம் விட்டு விளையாடுவோரும் அடங்குவர் என்பது வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

மலையிலிருந்து இறங்கும் ஆறு பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் இடத்தை விரைபுனல் என்கிறோம். கயாக் எனப்படும் ஒடுங்கிய சிற்றோடத்தில் ஒருவர் தனித்திருந்தோ, காற்றடைத்த றப்பர் ஓடத்தில் அறுவர் எழுவர் கூடியிருந்தோ அப்புனலிற் துடுப்பு வலித்துச் செல்வதே இவ்விளையாட்டு. புனலின் கடுமையை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கின்றனர். முதலாந் தரம் புதியவருக்கும் ஏற்றது. ஆறாந் தரமோ கைதேர்ந்தவரையும் உயிருக்கு அஞ்சவைப்பது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இதற்கு இடம் கிடைத்தது. 1992 முதல் ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் இப்போட்டி நடைபெற்று வருகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் ஒக்கோயி என்றோர் ஆறு உண்டு. அதன் இரண்டாம் அணை 1913ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. பின்னாளில் அது ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையின் கைக்கு வந்தது. 1949இல் இந்நாட்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டபோது முன்மாதிரியாகக் கொள்ளப்பட்ட சபை அதுவே. ஒக்கோயியின் நீர், அணையிலிருந்து மலைச்சரிவில் அமைந்த மரக்கால்வாய் ஒன்றின் வழியே 7 கிலோமீற்றருக்கு மேல் ஓடி மின்நிலையத்திற் போய் விழுந்தது. இடையிலிருந்த ஆறோ அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் வெறுங் கற்படுக்கையாகவே கிடந்தது. ஆறு எங்கே என்று கேட்கவும் ஆளில்லை.

1976இல் அம்மரக்கால்வாய் பழுதுற்று மூடப்பட்டது. நீர் தன் பழைய வழியே பாய்ந்தது. செய்தியறிந்த துடுப்பாளர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஓட நிறுவனங்கள் வந்தன. துடுப்பையே கையிற் பிடித்தறியாத பொதுமக்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அவ்வாற்றில் இறங்கினர். உணவுக்கடை வைத்தவனும், தங்குமிடம் கட்டியவனும், வழிகாட்டியாகக் கூலி பெற்ற உள்ளூர் வாலிபனும் ஆற்றை நம்பி வாழத் தலைப்பட்டனர்.

1983இல் கால்வாய் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வேலைக்கு வந்தது. பழைய வழக்கின்படி நீர் முழுவதும் மின்நிலையத்துக்கே போயிருக்கவேண்டும். போகவில்லை. ஆண்டில் 116 நாட்களுக்கு ஆற்றில் நீர் விடுவதென்றும், அவ்வொழுங்கு 35 ஆண்டுகள் நிலைப்பதென்றும் 1984இல் உடன்பாடாயிற்று. இழக்கப்படும் மின்சாரத்துக்கு ஈடாக அமெரிக்கக் காங்கிரஸ் 74 இலட்சம் டொலரை ஒதுக்கியது. 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக்கின் விரைபுனற் போட்டிகள் இதே ஆற்றின் மேற்பகுதியில் நடந்தேறின. 2019இல் உடன்பாடு காலாவதியானபோது, மாநில அரசே பணம் கொடுத்து மேலும் 15 ஆண்டுகளுக்கு நீரைப் பெற்றுத் தந்தது.

இந்த வெற்றியை ஈட்டித்தந்தது எது? ஒரு சில வீரர்களின் திறமையா? எண்ணிக் கணக்கிடத்தக்க சிறு கூட்டமொன்று மாத்திரம் அவ்வாற்றை அறிந்திருந்தால், 1983ஆம் ஆண்டு மதகு பூட்டப்பட்ட அன்றே அவர்களுடைய விளையாட்டும் முடிந்திருக்கும். ஆயிரமாயிரம் புதியவர்கள் நனைந்து நடுங்கி, ஆற்றின்மீது ஆசைகொண்டு வீடு திரும்பியதே அவ்வாற்றின் காவலாயிற்று. புதியவரை வரவேற்பது பெருந்தன்மையென்று சிலர் எண்ணுகின்றனர். அது தற்காப்பு என்பதே எமது கருத்து.

இதற்கு இரு ஆட்சேபங்கள் எழுவதுண்டு. கூட்டம் பெருகினால் ஆறு கெடும் என்பது ஒன்று. குப்பை சேரும், கரை மிதிபடும், அமைதி குலையும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குப்பையை ஒரு நாட் சிரமதானத்தில் அள்ளிவிடலாம். அணைக்குப் பின்னால் மறைந்துபோன ஆற்றை அள்ளியெடுக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அறியாதவரை ஆற்றுக்கு அழைப்பது அவரைச் சாவுக்கு அழைப்பதாகாதா என்பர். கற்பிக்காமல் அழைப்பது அவ்வாறே ஆகும். ஆதலால் வரவேற்பென்பது தோளிற் தட்டி ஓடத்தில் ஏற்றுவதோடு முடிவதன்று. 1954இல் தோன்றிய அமெரிக்கன் வைட்வாட்டர் என்னும் துடுப்பாளர் அமைப்பு, எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு விதிகளை வகுத்துப் பரப்பியது. தனியே ஆற்றில் இறங்கற்க. மூவராகவோ இரண்டு ஓடங்களாகவோ செல்வதே குறைந்தபட்சம் என்பது அவற்றுள் ஒன்று. மிதப்பு அங்கியும் தலைக்கவசமும் இன்றி எவரும் இறங்கலாகாது. கவிழ்ந்தவர் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறையிடுக்கிற் கால் சிக்கினால் முழங்காலளவு நீரும் ஆளை அமிழ்த்திக் கொல்லும். மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் முன்னீட்டி மிதந்து, கரையை நாடவேண்டும். இவற்றை அமைதியான நீரில் ஒரு காலைப்பொழுதிற் கற்பிக்கத் தொடங்கலாம். கற்பிக்கப் பொறுமையில்லாத மூத்தவரே புதியவரின் பெரும் ஆபத்து.

புதியவரை விரட்டுவதற்குக் கதவடைக்கவும் வேண்டியதில்லை. அவர் அறியாத சொற்களிற் பேசி நகைப்பது போதும். முதல் நாளே கடும் புனலுக்கு இழுத்துச் சென்று அச்சுறுத்துவது போதும். சொந்த ஓடம் வாங்கினாற்றான் வரலாம் என்பதும் போதும். பெண்ணொருத்தி வந்தால் அவள் கையிலிருந்த துடுப்பை வாங்கிவிட்டு நடுவில் இருத்துவதும் அத்தகையதே. இச்செயல்கள் ஒவ்வொன்றும் ஆற்றின் பக்கத்திலிருந்து ஒரு குரலைக் குறைக்கின்றன.

இனி எம் நாட்டுக்கு வருவோம். களனி கங்கையின் கித்துல்கலவை அறியாதார் சிலரே. 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலப் படம் எடுக்கப்பட்ட இடம் அது. இலங்கையின் விரைபுனல் ஓட்டத்துக்குத் தலையிடமும் அதுவே. அங்கு ஆறு பாய்வதும் மெலிவதும் மேலேயுள்ள மின்நிலையங்களின் கையிலிருக்கின்றன. 35 மெகாவற்று வலுவுள்ள புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில், தம் பிழைப்புக்குரிய நீர் குகைவழியிற் போய்விடுமேயென்று ஓடத் தொழிலாளர் அஞ்சினர். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதை நாம் மறுப்பவரல்லேம். ஆனால் எவ்வளவு நீர், எந்நேரத்தில் என்ற கேள்விகள் எழும்போது, ஆற்றின் பக்கத்தில் அமர்ந்து பேசுவோர் எத்தனை பேர்?

கித்துல்கலவுக்கு ஆட்கள் வராமலில்லை. வருகின்றனர்; இரண்டு மணிநேரம் கூச்சலிட்டு மகிழ்கின்றனர்; படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். அவர்கள் பயணிகள். பயணி துடுப்பாளனாக மாறும் வழி எம் நாட்டிற் போதிய அளவு அமையவில்லை. மீண்டும் வருபவனுக்குக் குறைந்த கட்டணத்திற் பயிற்சி, பலர் பொதுவிற் பயன்படுத்தும் ஓடங்கள், பாடசாலை விடுமுறையில் மாணவர்க்கு முகாம், ஆற்றங்கரைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவச இடம் என்பன வேண்டும். வழிகாட்டும் வாலிபர் ஆற்றின் ஒவ்வொரு பாறையையும் அறிந்தவர்கள். அவர்களை ஆசிரியர்களாக மதித்து, அதற்குரிய ஊதியமும் கொடுக்கவேண்டும்.

இது எமக்கேன் என்று வயலிலுள்ளாரும் அலுவலகத்திலுள்ளாரும் கேட்கக்கூடும். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இந்நாட்டு நீர்நிலைகளில் மூழ்கி மடிகின்றனர். வான் பாயும் இடத்திலும் தாழ்ந்த அணைக்கட்டின் அடியிலும் நீர் சுருண்டு மீண்டும் உள்ளிழுக்கிறது என்பதைக் குளிக்கப் போகும் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உயரம் குறைந்த கட்டென்று அதை அலட்சியம் செய்வது அறியாமை. துடுப்பாளனுக்கோ அவ்விடத்தை ஒதுக்கிக் கரையேறி நடப்பது ஆரம்பப் பாடங்களில் ஒன்று. கயிறெறிந்து ஆளை மீட்கத் தெரிந்த பத்து வாலிபர் ஓர் ஊரிலிருந்தால், வெள்ளம் வரும் மாரியில் அவ்வூரின் பலம் எத்தகையது என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், சட்டத்தரணி ஆகியோர்க்கும் இங்கு கடமையுண்டு. நீர்ப்பாய்ச்சலின் கணக்கைப் படித்துச் சொல்லவும், முதலுதவி கற்பிக்கவும், சபைகளுக்கு மனுவெழுதவும் வல்லவர்கள் அவர்களே. ஆயினும் நதியிற் கால் நனைக்காதவர் எழுதும் மனுவிற் சூடிராது. முதலில் ஒரு நாள் அவர்களும் ஓடத்தில் ஏறவேண்டும்.

ஆறு வாக்களிப்பதில்லை, மனுப் போடுவதில்லை, கூட்டத்திற் கையுயர்த்துவதில்லை. அதன் பொருட்டு உயரவேண்டிய கைகள் துடுப்புப் பிடித்த கைகளாயிருத்தல் நலம். ஆகவே மூத்த துடுப்பாளரே, கரையிற் தயங்கி நிற்பவரைப் பெயர் கேட்டு அழையுங்கள். அவருக்கு மிதப்பு அங்கியை உங்கள் கையாலேயே மாட்டிவிடுங்கள். அவர் இரண்டாம் முறையும் வருவாராயின், ஆற்றுக்கு ஓர் ஆள் கிடைத்தார் என்று கொள்ளுங்கள்.